புள்ளி வைத்த பெயர்கள்

செழியா,

திங்கட்கிழமை நீ ராய்ப்பூருக்கு ரயில் ஏறப்போகிறாய். எத்தனை சட்டை, எத்தனை ஊறுகாய் பாட்டில் என்பதையெல்லாம் போனிலேயே பேசி முடித்துவிட்டோம். இதை மட்டும் போனில் சொல்ல முடியவில்லை. நான் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, புரியுது" என்பாய். நீ அப்படிச் சொன்னபிறகு எனக்குத் தொடர வராது. அதனால் எழுதுகிறேன். ரயிலில் படி. நீளமாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாய். அங்கே விவசாயிகளுக்கான ஓர் உதவித் திட்டத்தின் பயனாளிப் பட்டியலை ஒழுங்குபடுத்த வேண்டும். இறந்தவர்களையும் இரண்டு முறை பதிவானவர்களையும் நீக்க வேண்டும். அதற்கான சிஸ்டத்தை வடிவமைக்கும் குழுவில் நீயும் இருக்கிறாய். "செத்தவங்க பேர்லயே ஓடிக்கிட்டிருக்கும்மா. ஒரே ஒரு குவெரி. மத்தியானத்துக்குள்ள லிஸ்ட் சுத்தமாயிடும்" என்றாய். நான் உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் யாரையாவது போய்ப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "ஆபீஸ்ல பாப்போம்மா. யூசருக்கு என்ன வேணும்னு யூசருக்கே தெரியாது, நாமதான் எடுத்துச் சொல்லணும்" என்று சிரித்தாய். இருபத்திரண்டு வயதில் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை.

என் கடைசி வருஷ புராஜெக்டுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் கிடைத்தது உனக்குத் தெரியும். இவ்வளவு படித்துவிட்டு ஏன் நீடாமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டாய் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதைக் காரணமாகச் சொல்வேன். அது பாதிதான்.

நான் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நானோ தஞ்சாவூரில் ஏசி அறையில் வெறுங்காலோடு உட்கார்ந்து விரல் சில்லிட்டுப் போக புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாப் பாடத்தையும்விட எனக்குப் பிடித்தது சிஸ்டம் அனாலிசிஸ்தான். ஓர் அலுவலகத்துக்குள் போய், யார் யாரிடமிருந்து என்ன தகவல் வருகிறது, அது எங்கே தங்குகிறது, என்னவாக மாறி எங்கே போகிறது என்று வட்டமும் அம்புக்குறியுமாக வரைய வேண்டும். உலகத்தில் எதையும் அப்படி வரைந்துவிடலாம் என்று நினைத்தேன். ரேஷன் கடையை வரைந்தேன், எங்கள் விடுதிச் சமையலறையை வரைந்தேன். தோழிகள் என்னை "அம்புக்குறி" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான். போகிற இடமெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைப்பேன்.

புராஜெக்டுக்குக் கிடைத்தது, கோயில் பூஜைக்கென்று நிலம் எழுதிவைத்த ஒரு கட்டளையின் அலுவலகம். பெயர் வேண்டாம். நம் ஊர் வயல்களில் பாதிக்கு மேல் அந்தக் கட்டளைக்குச் சொந்தம்; தாத்தாவும் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள். குத்தகைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு சிஸ்டம் வடிவமைக்க வேண்டும் என்பது வேலை. அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. மேலாளர் அறைச் சுவரில் பழைய படத்தை இறக்கிவிட்டுப் புதிய தலைவரின் படத்தை மாட்டியிருந்தார்கள். பழைய படம் பெரியது போலிருக்கிறது, புதுப் படத்தைச் சுற்றி வெளுத்த ஒரு சட்டம் தெரிந்தது. இதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். உன் தாத்தாவின் அப்பா பண்ணையாள். தாத்தா காலத்தில்தான், நிலத்தில் உழைப்பவன் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்தவுடன் பெயர் தானாக ஏறிவிடவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் கொடியோடு உட்கார்ந்தார்கள், அறுவடை சமயத்தில் அடிதடி நடந்தது, போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாத்தாவின் தங்கை அஞ்சலை அத்தையை உனக்குச் சின்ன வயதில் தெரியும். அவள் புருஷன் கோவிந்தன் மாமா அதில் ஒரு பல்லை இழந்தார். அப்படி ஏறிய பெயர்கள் அவை. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. குத்தகைதாரர் செத்துப்போனால் அலுவலகத்துக்குச் சொல்வதில்லை. பெண்சாதியோ பிள்ளையோ பயிர் வைப்பார்கள், குத்தகை நெல்லை அளப்பார்கள், ரசீது செத்தவர் பேரிலேயே வரும். வாரிசு சொந்த உழைப்பில் பயிரிட்டால் உரிமை தொடரும் என்று சட்டத்தில் இருந்தது. ஆனால் பெயரை மாற்றக் கேட்டால் ஃபைல் திறக்கும், ஃபைல் திறந்தால் வசதியுள்ள ஒருவன் கண் அந்த நிலத்தில் விழும். கிராமக் கணக்கான அடங்கலில்கூடப் பசலிக்குப் பசலி, வருஷா வருஷம், செத்தவர் பேரையே எழுதிக்கொண்டு போனார்கள். கோவிந்தன் மாமா இறந்து பல வருஷம் கழித்தும் அத்தை பயிர் வைத்த ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கர் சொச்சம், அவர் பேரில்தான் இருந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரியாதாம்மா என்று நீ கேட்பாய். தெரியும். வீட்டுச் சங்கதியாகத் தெரியும். படிப்போடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்த அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் வேறு ஆளாகிவிட்டேன்.

பதிவேட்டை வைத்திருந்தவர் சாமிநாதன் சார் என்ற எழுத்தர். ஒரு காலத்தில் நிறைய நிலம் வைத்திருந்து, நில உச்சவரம்புச் சட்டத்தில் இழந்த குடும்பம். சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு பென்சிலும் வைத்திருப்பார். நான் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது சில பெயர்களின் ஓரத்தில் மட்டும் சின்னதாகப் பென்சில் புள்ளி இருந்தது.

"இந்தப் புள்ளி என்னங்க சார்?"

"பென்சில் பட்டிருக்கும்மா."

"இவங்களுக்கு மட்டும் படுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கெட்டிக்காரப் பொண்ணுதான். அத விட்டுடு. டீ சாப்புடுறியா?"

நான் விடவில்லை. புள்ளி வைத்த பெயர்களில் கோவிந்தன் மாமா பெயரும் இருந்ததால் எனக்குப் பொறி தட்டியது. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய், நடவு நடந்துகொண்டிருந்த வயலின் வரப்பில் அத்தையோடு உட்கார்ந்து, நான் குறித்துக்கொண்டு வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அத்தைக்கு ஒரே சிரிப்பு.

"எங்க வூட்டுக்காரு பேரும் கம்ப்யூட்டர்ல ஏறுதா? அந்த மனுசன் இருந்த காலத்துல ரேஷன் கடை வரிசையிலகூட ஒழுங்கா ஏறி நின்னதில்லடி!"

"மாரிமுத்து யாருத்தே?"

"மேலத்தெரு பாக்கியம் புருசன். மஞ்சக்காமாலையில போனாரே. ரெண்டும் பொட்டப்புள்ள. அவதான் ஒத்தையில கெடந்து மாரடிக்கிறா."

நான் "இ" என்று எழுதிக்கொண்டேன். இறப்பு. அத்தை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஒவ்வொருவராகச் சொன்னாள். யார் எப்போது செத்தார், எதில் செத்தார், யார் இப்போது வயலைப் பார்க்கிறார்கள் என்று எல்லாம் சொன்னாள். பாதியை எழுதினேன், மீதி என் படிவத்துக்குத் தேவைப்படவில்லை. புள்ளி எல்லாம் பொருந்திப் போயிற்று. அலுவலகத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு விதியை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை. என் வடிவமைப்பில் ஒரு புது ஃபீல்டு சேர்த்தேன்: குத்தகைதாரர் நிலை, உயிருடன் அல்லது இறப்பு. அதை வைத்து ஒரு ரிப்போர்ட்டும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. சாமிநாதன் சார் கேட்கவில்லை, பேராசிரியர் கேட்கவில்லை. நன்றாக இருக்கும் என்று நானாகப் போட்டேன்.

கல்லூரியில் செயல்விளக்கம் நடந்த அன்று மேலாளரும் வந்திருந்தார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கறகறவென்று அடித்த அந்தத் தாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. "குத்தகைதாரர் உயிருடன் இல்லாத நிலங்கள்" என்று தலைப்பு, கீழே சர்வே எண், பரப்பு, பெயர். பேராசிரியர் கைதட்டினார். "இதத்தான்யா நாங்க பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோம், எவன் குடுத்தான்?" என்று மேலாளர் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அலுவலகத்துக்கு என்ன வேண்டும் என்று அலுவலகத்துக்கே தெரியவில்லை, நான்தான் எடுத்துச் சொன்னேன் என்று அன்றைக்கு விடுதியில் சொன்னேன். சாமிநாதன் சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். போகும்போது என் பக்கத்தில் வந்து, "இத யாரும்மா கேட்டா உன்ன?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி கேட்டார். நான் நன்றி சொன்னேன். பாராட்டு என்று நினைத்துவிட்டேன்.

தேர்வு முடிந்து ஊருக்கு வந்த சில நாளில் அத்தை ஒரு தாளோடு வந்தாள். "இது என்னன்னு படிடி" என்று நீட்டினாள். குத்தகைதாரர் கோவிந்தன் இறந்துவிட்டதாகத் தெரியவருவதால் குத்தகை முடிவுக்கு வந்தது. நிலம் பொது ஏலத்துக்கு வருகிறது. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம். சர்வே எண், பரப்பு, பெயர் என்ற அந்த வரிசை என்னுடையது. நான் போட்ட வரிசையிலேயே டைப் அடித்திருந்தார்கள்.

"ஆபீசுக்கு எப்படித் தெரிஞ்சுது? இத்தன வருசமா தெரியாதது இப்ப எப்படித் தெரிஞ்சுது? அந்தக் கணக்கன் காட்டிக் குடுத்துட்டான். அவங்க வூட்டு நெலம் போன ஆத்திரத்த எங்க மேல தீத்துக்கிட்டான்."

தாளை மடித்து அவளிடமே கொடுத்தேன். செழியா, இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்த தவறு. ஃபீல்டு சேர்த்ததை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. மூன்று நாள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன், கோலம் போட்டேன், நூலகப் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்தேன். நான்காம் நாள் அத்தை தஞ்சாவூருக்குப் போய், அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் சாமிநாதன் சாரைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு வந்தாள். "நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவுற மாதிரி கேட்டேன். அந்த ஆளு வாயே தொறக்கல. குத்தமுள்ள நெஞ்சு" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். அந்த மனிதருக்கு அத்தை எனக்கு யார் என்று தெரியும். என் பெயரைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஏன் அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார், அன்றைக்கு ஏன் வாங்கிக்கட்டிக்கொண்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குமேல் தாங்க முடியாமல், "அவர் இல்லத்தே, நான்தான்" என்றேன். வரப்பில் உட்கார்ந்து பெயர் படித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை அடிப்பாள் என்று நினைத்தேன். தாத்தா கையை ஓங்கினார், அவள்தான் தடுத்தாள். தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ கேட்டதுக்கெல்லாம் சொன்னேனேடி. எதுக்குக் கேக்குறேன்னு நீ ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் நேர்காணல் நடத்துவது எப்படி என்று ஒரு முழு அத்தியாயம் உண்டு. எதிரில் இருப்பவரைச் சகஜமாகப் பேசவிட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதைச் செவ்வனே செய்திருந்தேன்.

கெடுவுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தோம்; விசாரணைக்கு அத்தையோடு நானும் போனேன். சாட்சி சொல்லப்போகிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னபோது, கல்லூரிக்குக் கெட்ட பேர் வரும், வேலைக்கு எழுதித் தருவதாகச் சொன்ன சிபாரிசையும் மறந்துவிடு என்றார். அத்தையிடம் அவள்தான் பயிர் வைக்கிறாள் என்பதற்கு ஒரு காகிதம் கிடையாது. அடங்கலிலும் மாமா பேர்தான். என்னிடம் அந்தக் கோடு போட்ட நோட்டு இருந்தது. அன்று வயலில் கண்ணால் பார்த்து, சிஸ்டத்துக்குத் தேவையில்லை என்று நான் தள்ளியதெல்லாம் அதில் தேதியோடு இருந்தது: நாற்றுப் பறிக்க எத்தனை பேர் வந்தார்கள், அத்தை தானே மண்வெட்டி எடுத்து மடையைத் திறந்தது, நடவு ஆட்களுக்கு அவள் வெற்றிலை பிரித்துக் கொடுத்தது.

"பேரு?" என்று கேட்டார் மேலாளர்.

"கோவிந்தன் சம்சாரம்."

"ஒங்க பேரம்மா."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அஞ்சலை" என்றாள்.

என் முறை வந்தபோது மேலாளர், "லிஸ்ட்டப் போட்டுக் குடுத்ததே நீங்கதானே? இப்ப நீங்களே தப்புங்கிறீங்க?" என்றார். "யார் செத்தாங்கன்னு மட்டும் எடுத்தேன் சார். யார் பயிர் வைக்கிறாங்கன்னு எடுக்கல. அது இல்லாம அந்த லிஸ்ட்ட யாருக்கும் குடுத்திருக்கக்கூடாது" என்று சொல்லி, எழுதியும் கொடுத்தேன். பல மாதம் இழுத்தடித்து, பக்கத்து வயல்காரர்களும் வந்து சாட்சி சொல்லி, குத்தகை அத்தை பேரிலேயே பதிவாயிற்று. அன்று அக்கம்பக்கத்து வயல்களில் பார்த்ததையும் எழுதியிருந்ததால் இன்னும் சிலருக்கும் அந்த நோட்டு உதவியது. சாமிநாதன் சாரை அதற்குள் பேராவூரணிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஒரு அஞ்சலட்டையில் பதில் வந்தது. தென்னந்தோப்புக் காற்று நன்றாக இருக்கிறது, நல்ல இடத்தில் வேலை கிடைத்ததா என்று கேட்டிருந்தார்.

பாக்கியத்துக்கு எதுவும் உதவவில்லை. மேலத்தெருப் பக்கம் நான் போகவே இல்லை. அத்தை வாயால் சொன்னதை வைத்துத்தான் மாரிமுத்து பேருக்கு நேரே "இ" போட்டேன். நோட்டில் பாக்கியத்தின் வயலுக்கு ஒரு வரி இல்லை. நோட்டீசைப் பார்த்ததும் பயந்துபோய், ஆட்சேபணை எதுவும் எழுதாமல், யாரோ நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். விசாரணை தொடங்கும் முன்பே அவள் நிலத்தை வேறொருவர் உழுதாயிற்று.

அவளை ஒரு தடவை பார்த்தேன். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது, முன் சீட்டில் இருந்தவள் திரும்பி, "நீ அஞ்சலை அண்ணன் மவதானே? டீச்சராயிட்டியாமே" என்றாள். சாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாளாம். பெண்கள் இருவரும் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னாள். பிறகு கேட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த நடவைப் பார்த்துக்கொண்டே, "யாரோ படிச்ச புள்ள எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துட்டாளாம். நல்லாருக்கட்டும்" என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சரக்கு ரயில், நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, நேரம் நிறைய இருந்தது. நான் அவளிடம் பெண்கள் என்ன படித்தார்கள் என்று கேட்டேன்.

இந்தத் துறையே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நீ செய்யப்போகும் வேலை தேவையான வேலைதான். செத்தவர் பேரில் திருடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பதிவு தவறாக இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தவுடன், அது யாருக்குத் தெரிந்தே தவறாக இருக்கிறது என்று கேள். அந்தத் தவறின் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார். எல்லாரையும் பார்க்க முடியாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் வாரத்திலேயே ஒரு கிராமத்துக்காவது போ. மொழி தெரியாது என்பாய். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. நோட்டை விரிக்கும் முன்பே அந்தப் பட்டியலை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடு. சொன்ன பிறகு அவர்கள் பேச மறுத்தால், அதையும் எழுதிக்கொள். அந்த மறுப்பும் உன் மேலதிகாரிக்குப் போக வேண்டிய தகவல்தான். இதையெல்லாம் சொன்னால் வேலை தாமதமாகிறது என்பார்கள். உனக்குக் கெட்ட பேர் வரலாம். எனக்கு வந்தது.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போன பிறகு, இதை உனக்கு எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் பாக்கியத்தைப் பற்றிய இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவளிடம் சொல்லாததை உனக்கு அறிவுரையாக எப்படி எழுதுவது? மேலத்தெருவில் அவள் தங்கை மகனிடம் கேட்டு முகவரி வாங்கியிருக்கிறேன். திருப்பூரில் பெரிய பெண்ணோடுதான் இருக்கிறாளாம், கண் பார்வை மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டதாம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நான் யார் என்று சொன்னதும் பாக்கியம் சந்தோஷப்படுவாள், உள்ளே வா, உட்காரு என்பாள், காபி போடச் சொல்வாள். நான் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

அம்மா